இருபத்தைந்து முட்டைக் கோது

கண்டாவளையில் எங்கள் ஒழுங்கையைப் பொறுத்தவரை றிச் கேக் என்றால் சிவலட்சுமி அம்மா. சிவலட்சுமி அம்மா என்றால் றிச் கேக். சண்டையில் பாதை மூடிக் கிடந்த வருடங்களில் மற்ற வீடுகளில் தேத்தண்ணீருக்கே சீனி இருக்கவில்லை. உள்ளங்கையில் ஒரு கிள்ளுப் பனங்கட்டியை வைத்து, ஒரு நக்கு, ஒரு மிடறு, ஒரு நக்கு, ஒரு மிடறு என்று கோப்பையை முடிக்கிற வித்தையை நாங்கள் எல்லோரும் கரைத்துக் குடித்திருந்தோம். அந்தக் காலத்திலும் வருடத்துக்கு ஒரு தடவை, மகனின் பிறந்தநாளுக்கு முதல் நாள், சிவலட்சுமி அம்மாவின் குசினியிலிருந்து பட்டரும் ஏலக்காயும் கலந்த வாசம் ஒன்று புறப்பட்டு வேலி தாண்டி வரும். கொழும்பிலிருந்த அவரின் தம்பி அனுமதிப் பாஸ் எடுத்து வரும்போது கொண்டுவந்த சாமான்கள். நாங்கள் அன்றைக்கெல்லாம் ஏதாவது சாட்டில் அந்தப் படலையைக் கடந்து நாலு தரம் போய் வருவோம்.

மறுநாள் ஆளுக்கு ஒரு துண்டு வரும். தீப்பெட்டி அளவு. எண்ணெய்த் தாளில் சுற்றி, இரண்டு முனையையும் முறுக்கி இருக்கும். ஒழுங்கையின் இந்தப் பக்கத்து வீடுகளுக்கு மட்டும்தான். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், மலைநாட்டிலிருந்து எழுபத்தேழுக் கலவரத்தோடு வந்து குடியேறிய சனத்தின் வீடுகளுக்கு அது போனதில்லை.

"றிச் எண்டால் பணக்காரர்," என்று சிவலட்சுமி அம்மா எங்களுக்கு விளங்கப்படுத்தியிருந்தார். "பேரிலேயே கிடக்குது. எல்லாரும் தின்னுற சாமான் எண்டால் அதுக்கு வேற பேரெல்லோ வச்சிருப்பாங்கள்."

நாங்களும் நம்பினோம். இங்கிலீசு படித்தவர் சொன்னால் சரியாகத்தானே இருக்கும். தீப்பெட்டித் துண்டை வாயில் வைத்த அரை நிமிடத்துக்கு நாங்களும் பணக்காரர்.

இந்தக் கேக்கை அடிப்பது யார் என்பதுதான் பகிடி. அடிப்பது அங்கம்மா. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து மாயாண்டியின் மனைவி. வயலில் நாற்று நடுவதும் குசினியில் பாத்திரம் கழுவுவதுமாகப் பதினேழு வருடம் அந்த வளவில் நின்ற மனுசி. பட்டரையும் சீனியையும் போட்டு மரக்கரண்டியால் ஒரே பக்கமாக, கை மாற்றாமல், இரண்டு மணித்தியாலம் அடிப்பாள். நிறம் வெளுத்து, சீனி கரகரப்பது நின்று, கரண்டி நிமிர்ந்து நிற்கும்வரை அடிப்பாள். அளவு போடுகிற நேரம் வந்ததும் சிவலட்சுமி அம்மா குரலை மாற்றுவார்.

"அங்கம்மா, முத்தத்தைக் கூட்டு."

முற்றம் காலையில் கூட்டியதுதான். அங்கம்மா மறுபடியும் கூட்டுவாள். அளவு முடிந்ததும் உள்ளே கூப்பிடுவார். பிறகு சுளகு, தட்டு, கோப்பை எல்லாம் கழுவுவதும், குப்பையை வாழையடியில் கொட்டுவதும் அங்கம்மாவின் பாடு.

இரண்டாயிரத்து இரண்டில் சண்டை ஓய்ந்து பாதை திறந்தது. திறந்த முதல் மாதம் எங்கள் சனம் நடந்துகொண்ட விதத்தைச் சொன்னால் வெட்கக்கேடு. அப்பிளைக் கண்ட இடத்தில் வாங்கி, கண்ட இடத்தில் கடித்தோம். தேத்தண்ணீரில் கரண்டி நிற்கிற அளவுக்குச் சீனி போட்டோம். மாஜரீன் பூசாத பாண் ஒரு மாதத்துக்கு எந்த வீட்டிலும் இல்லை. என் வீட்டுக்காரர் ஐஸ்கிறீம் சாப்பிடவென்றே கிளிநொச்சிக்குப் பஸ் எடுத்துப் போய், பல் கூசிக்கொண்டு திரும்பி வந்தார். ஒரு வருடத்தில் எல்லாம் சாதாரணமாகிவிட்டது. கடைக்குப் போகிற பிள்ளை, "அப்பிள் வேண்டாம், புளிக்குது" என்று சொல்லுகிற அளவுக்குச் சாதாரணம்.

றிச் கேக் மட்டும் சாதாரணமாகவில்லை. சாமான் எல்லாம் கடையில் இருந்தது. அளவு சிவலட்சுமி அம்மாவிடம் இருந்தது.

அடுத்த வைகாசியில் அங்கம்மாவின் மகள் தனுஷாவுக்குக் கலியாணம் பேசி முடிந்தது. பேசியது பெரியவர்கள், முடித்தது பிள்ளைகள் இரண்டும் முன்னமே. தனுஷா கிளிநொச்சியில் ஒரு அலுவலகத்தில் கொம்பியூட்டரில் எழுத்து அடிக்கிறாள். மாப்பிள்ளை ஜனார்த்தனன் அதே கட்டடத்தில் கீழ்மாடியில் வேலை. கீழ்மாடிக்காரனுக்கு மேல்மாடியில் தினமும் என்ன அலுவல் என்று நாங்கள் ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம்.

மாப்பிள்ளையின் தாய் ஜெகதீஸ்வரி நாள் குறிக்க வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை, ஒரு பார்வையில் வகுப்பு அடங்கும். நான் அன்றைக்குத் தற்செயலாக அங்கம்மா வீட்டில் அரிசி அளக்கிற சுண்டு ஒன்று இரவல் கேட்கப் போயிருந்தேன். சுண்டு என் வீட்டிலும் இருந்தது என்பது வேறு கதை.

அவர் கதிரையின் நுனியில் இருந்தபடி வீட்டைப் பார்த்தார், கூரைத் தகரத்தைப் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"நீங்கள் சோத்தைப் பாருங்கோ," என்றார். "கேக் நாங்கள் கொண்டு வாறம். உங்கட பக்கத்தில கேக் செய்யிற வழக்கம் இல்லைத்தானே. என்ர ஆக்கள் கொழும்பில இருந்து, லண்டனில இருந்தெல்லாம் வருகினம். ஒரு குறை வரக்கூடாது."

பேச்சில் மரியாதை குறையவில்லை. அதுதான் சுட்டது. தனுஷாவின் முகம் கறுத்துப் போனதை நான் கண்டேன். இந்த வீட்டிலிருந்து போகிற பிள்ளை அந்த வீட்டில் காலம் முழுக்கக் கேட்கப்போகிற வசனத்தின் முதல் வரி அது: உங்கட பக்கத்தில அந்த வழக்கம் இல்லைத்தானே.

அங்கம்மா தேத்தண்ணீர்க் கோப்பையை மெதுவாக முன்னால் வைத்தாள்.

"கேக்கு நான் செய்றேங்க," என்றாள். "றிச் கேக்கு."

ஜெகதீஸ்வரி அம்மாவின் புருவம் ஏறியது. "அது லேசில்லைப் பாருங்கோ."

"லேசில்லைன்னு எனக்குத் தெரியுங்க. பதினேழு வருசமா அடிக்கிறேன்."

"சரி, செய்யுங்கோ. ஆனா நாங்களும் ஒண்டு கொண்டு வருவம். பிழைச்சாலும் மேசை வெறுமையாக் கிடக்காமல்."

அவர் போன பிறகு மாயாண்டி தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தான். "ஏன்டி இப்பிடி வாயக் குடுத்த? அளவு தெரியுமா ஒனக்கு?"

"தெரியாது," என்றாள் அங்கம்மா. "கேட்டா சொல்லுவாங்க. பதினேழு வருசம் இருந்திருக்கேன், சொல்லமாட்டாங்களா?"

சொல்லவில்லை. அங்கம்மா வெற்றிலை, பாக்கு, கலியாண அழைப்புக் காட்டுடன் போய்க் கேட்டாள். சிவலட்சுமி அம்மா காட்டை வாங்கி அலுமாரியில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அது அளவில இல்லை அங்கம்மா. கைராசி. எல்லாற்ற கைக்கும் வராது. நீ உன்ர வழக்கப்படி லட்டு, பூந்தி எண்டு ஏதாவது செய்யன். அதுவும் நல்லாத்தானே இருக்கும்."

"யாரு கைம்மா இவ்வளவு நாளா அடிச்சுது?" என்று அங்கம்மா கேட்கவில்லை. வீட்டுக்கு வந்துதான் கேட்டாள். எங்களிடம் கேட்டாள். நல்ல சத்தமாகவும் கேட்டாள்.

பிறகு அவள் செய்ததுதான் இந்தக் கதையில் நான் இன்னும் வியக்கிற விசயம். வாசல் மணலில் குந்தியிருந்து, ஒரு ஈர்க்கால் கோடு கோடாகக் கீறத் தொடங்கினாள்.

"முட்டை இருவத்தஞ்சு," என்றாள். "கோது நான்தானே அள்ளிக் கொட்டினேன். ரோசாச் செடிக்குப் போடச் சொல்லுவாங்க. எண்ணித்தான் போடுவேன்."

"எண்ணினதுக்கு என்ன காரணம்?" என்று நான் கேட்டேன்.

"எண்ணாம என்ன செய்றது? முட்டைய வாயில வைக்கக் கெடைக்கல, எண்ணவாவது கெடைச்சுதேன்னு." அடுத்த கோடு. "பட்டர்த் தாளு ரெண்டு, ஒவ்வொண்ணும் அரை றாத்தல். அதை வழிச்சுத்தான் எம் புள்ளைக்குப் பாணுல பூசினேன். சீனி, அந்த வெள்ளை எனாமல் கோப்பையில நீலக் கோடு வரைக்கும். கோட்டுக்கு மேல கோப்பை ஒட்டாது, கீழதான் பிசுபிசுக்கும். ரெண்டு தடவை கழுவச் சொல்லுவாங்க, அப்ப ரெண்டு கோப்பை."

"ரவை?"

அங்கம்மா சிரித்தாள். "ரவைய நான் பாக்கல, கேட்டேன். சுண்டுல அள்ளி வெட்டித் தட்டினா ஒரு சத்தம் வரும் பாருங்க, டொக்குன்னு. முத்தம் கூட்டிக்கிட்டே எண்ணினேன். நாலு டொக்கு."

பதினேழு வருடமாக ஒரு சமையல் குறிப்பைக் கதவுக்கு உள்ளே பூட்டி வைத்திருந்தார்கள். குப்பையாகவும் அழுக்குக் கோப்பையாகவும் அது வருடா வருடம் பின்வாசலால் வெளியே போய்க்கொண்டிருந்தது. பிளம்ஸ், கஜூ, இஞ்சிப்பாகு, பூசினி அல்வா எல்லாவற்றுக்கும் பேணியும் பையும் போத்தலும் அவள் கண்ணில் இருந்தன. கிட்டத்தட்ட முழுக் குறிப்பும் மணலில் வந்துவிட்டது.

முதலில் ஐந்து முட்டையில் ஒரு சின்னக் கேக் செய்து பார்த்தாள். கத்தி இறங்கவில்லை. இறங்கிய இடத்தில் துண்டு திரும்பவும் ஒட்டிக்கொண்டது.

மாயாண்டி ஒரு துண்டைக் கடித்துப் பார்த்து, பிறகு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "தூக்கிப் போட்டுறாதடி. பங்கருக்கு மேல அடுக்கலாம். குண்டு விழுந்தா எகிறிப் போயிரும்."

தனுஷா சிரிக்கவில்லை. "அம்மா, அவையள் கொண்டு வரட்டும் அம்மா. கேக் ஒரு பெரிய விசயமே?"

"ஒனக்கில்ல," என்றாள் அங்கம்மா. "ஒனக்கு அவன் கெடைச்சாப் போதும். அந்த வீட்டுல காலையில தேத்தண்ணி ஊத்தும்போது நீ தலைய நிமித்தி ஊத்தணும்னு எனக்குத்தான் கவலை."

மூன்று நாள் அங்கம்மா அந்த மணல் கோடுகளையே திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டு திரிந்தாள். நாலாம் நாள் காலையில் நான் பல்லுத் தீட்டிக்கொண்டு நிற்கும்போது வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கூச்சல். ஓடிப் போய்ப் பார்த்தேன். அங்கம்மா அடுப்படியில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தவள், தாச்சிச் சட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"வெள்ளை முட்டை!" என்றாள். "அக்கா, வெள்ளை முட்டை!"

"என்ன வெள்ளை?"

"கேக்கு அடிக்கிற அன்னிக்கு மட்டும் மத்தியானம் எனக்குச் சோத்துக்கு முட்டைப் பொரியல் குடுப்பாங்க. வெள்ளை வெளேருன்னு இருக்கும், மஞ்சளே இருக்காது. அந்த வீட்டு ஆளுங்க அஞ்சு பேருக்கும் அதுதான், ஆளுக்கு மூணு முட்டைக் கணக்கு, அதுல கிள்ளி எனக்கு ஒரு கரண்டி. நான் என்ன நெனச்சேன்னா, பணக்காரங்க முட்டை அப்பிடித்தான் இருக்கும்போலன்னு."

நான் பல்லுப்பொடியோடு சிரித்து, அது மூக்கில் ஏறி, பெரும் பாடாகிவிட்டது. விசயம் விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. இருபத்தைந்து மஞ்சள் கருவும் கேக்குக்குள்ளே போயிருக்கிறது. வெள்ளைக் கருவில் பத்து மட்டும்தான் போயிருக்கிறது; மிச்சம் பதினைந்தும் சட்டியில் பொரிந்து, கூலிக்காரிக்கும் ஒரு கரண்டி விழுந்திருக்கிறது. அன்பு என்று அவள் நினைத்துத் தின்றது கழிவு. ஆனால் கழிவுதான் அவளுக்குக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தது.

இரண்டாவது சின்னக் கேக் மெத்தென்று வந்தது. ஒரு பக்கம் கறுத்திருந்தது, உண்மைதான். எங்கள் ஒழுங்கையில் ஒருவரும் அந்தப் பக்கத்தைக் கூட மிச்சம் வைக்கவில்லை.

ஆனால் அங்கம்மா நாக்கைச் சப்புக் கொட்டிப் பார்த்தாள். "என்னமோ கொறையுது. அந்த வீட்டுக் கேக்குல ஒரு காரமான வாசம் இருக்கும். பிளம்ஸை வெட்டிப் போத்தலில போட்டதும், அம்மா அறைக்குள்ள போய் இருமல் மருந்துப் போத்தல் ஒண்ணை எடுத்துக்கிட்டு வருவாங்க. என்னை ஆடு வெரட்டச் சொல்லுவாங்க. ஆடே இருக்காது."

மாயாண்டி ஒரு மாதிரி நெளிந்தான். பிறகு தொண்டையைச் செருமினான்.

"அது இருமல் மருந்து இல்ல. பிராந்தி."

எல்லோரும் அவனைப் பார்த்தோம்.

"நான் ஒரு தடவை அந்த வளவுல வெறகு கொத்திக்கிட்டு இருந்தேன். காத்து குசினிப் பக்கமிருந்து வந்துச்சு. நல்ல சாமான்."

"இத்தினி வருசமா ஏன் சொல்லல?" என்றாள் அங்கம்மா.

"எப்பிடிச் சொல்றது? கோயில்ல என்னைக் கற்பூரம் அடிச்சுச் சத்தியம் பண்ண வச்சது யாரு? நெஞ்சில கை வச்சுச் சொல்லு மாயாண்டி, இனி அந்தச் சாமானை மோந்தும் பாக்கமாட்டேன்னு. மோந்து பாத்தேன்னு நான் போய்ச் சொல்லவா?"

இதைப் புதிதாகக் கேட்பவர்களுக்குச் சொல்ல வேண்டும்: சிவலட்சுமி அம்மா எங்கள் கோயில் மாதர் சங்கத்தின் தலைவி. குடியினால் கெட்ட குடும்பங்கள் என்ற தலைப்பில் வருடா வருடம் முக்கால் மணித்தியாலம் பேசுவார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து ஆண்களை முன்வரிசையில் இருத்திவிட்டுத்தான் பேசத் தொடங்குவார்.

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். இதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கு மட்டும்தான் சொன்னேன், அவர்களும் நம்பிக்கையான ஆட்கள்.

அடுத்த கிழமை மஹ்றூப் காக்கா லான்ட்மாஸ்ரர் உழவு மெசினில் வந்தார். முல்லைத்தீவு ஆள். தொண்ணூறில் மற்ற முஸ்லிம் சனத்தோடு வெளியேற்றப்பட்டு, பன்னிரண்டு வருடம் புத்தளத்தில் இருந்துவிட்டு, பாதை திறந்த கையோடு வந்து, வவுனியாவிலிருந்து சாமான் ஏற்றி ஊர் ஊராக விற்கிறார். அங்கம்மா சொல்லிவிட்டதெல்லாம் பை பையாக இறக்கினார்.

"ஓமந்தைச் செக்பொயின்ரில ஆமி, இயக்கம் ரெண்டு பக்கமும் பையைத் திறந்து பாத்தாங்க, தங்கச்சி. இவ்வளவு பிளம்ஸ் ஆருக்கு எண்டு ஒராள் கேட்டார். எங்கட மாயாண்டியண்ணன்ட மகள்ட கலியாணக் கேக்குக்கு எண்டு சொல்லி, கையில கொஞ்சம் வச்சன். நல்லா இருக்கட்டும் எண்டு போட்டுத் திறந்து விட்டார்." பிறகு குரலைத் தணித்தார். "ஒண்டு கேக்கிறன், குறை நினைக்கப்படாது. சில ஆக்கள் இந்தக் கேக்குக்குள்ள வேற என்னமோவும் ஊத்துறாங்களாம். ஊத்தினா எனக்கும் மனுசி உம்மு ஹானிக்கும் பிள்ளையளுக்கும் துண்டு வைக்க வேணாம். கலியாணத்துக்கு எப்பிடியும் வருவம்."

மாயாண்டி முந்திக்கொண்டான். "அதை நானே பாத்து வாங்கியாறேன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். ருசி பாத்து வாங்கணும்ல."

"நீ ஒண்ணும் பாக்க வேணாம்," என்றாள் அங்கம்மா. மஹ்றூப் காக்காவின் பக்கம் திரும்பினாள். "ஊத்தமாட்டேன் அண்ணே. சாமான் சொமந்து வந்த ஆளு வாயில வைக்க முடியாத கேக்கு என்ன கேக்கு? வேற வழி பாக்கிறேன். நீங்க எல்லாரும் வாங்க."

வேறு வழியை மஹ்றூப் காக்காவே கொண்டுவந்தார். முள்ளியவளைப் பக்கத்துக் காட்டில் எடுத்த தேன், மூன்று போத்தல். பாலை பூத்த காலத்துத் தேன், லேசான கசப்பு அடியில் இருக்கும். பிளம்ஸை வெட்ட ஒழுங்கைப் பெண்கள் எல்லோரும் போனோம். வெட்டியதில் பாதியை நாங்களே தின்றுவிடுவோம் என்று பயந்து அங்கம்மா எங்களைப் பாட்டுப் பாடச் சொன்னாள். பாடுகிற வாய் மெல்லாது. வெட்டிய பிளம்ஸ் தேனில் மூன்று கிழமை ஊறியது. தினமும் ஒருவர் மாறி ஒருவர் போய் மூடியைத் திறந்து மோந்துவிட்டு வந்தோம்.

கலியாணத்துக்கு இரண்டு நாள் முன்னம் விடிய அடிக்கத் தொடங்கினாள். நாங்கள் கை மாற்றிக் கொடுக்கக் கேட்டோம், விடவில்லை. பத்து மணிக்கு நான்கு தட்டு மாவையும் கடகத்தில் வைத்து, மாயாண்டியின் சைக்கிளில் சந்திக்குக் கொண்டுபோனார்கள். சந்தியில் முத்துலிங்கத்தாரின் பேக்கரி. பலகையில் வெதுப்பகம் என்று அழகாக எழுதியிருக்கும். உள்ளே நின்று கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் பேக்கரி என்றுதான் கூப்பிடுவோம். பாண் எடுத்து முடிந்து, போறணை அடுப்பின் சூடு இறங்கி வருகிற நேரம்தான் றிச் கேக்குக்குச் சரி.

முத்துலிங்கத்தார் தட்டுகளைப் பார்த்தார். "சிவலட்சுமி அம்மா குடுத்து விட்டவாவோ?"

"இல்லைங்க. என்னோட கேக்கு."

அவர் ஒரு தட்டைக் கிட்டக் கொண்டுபோய் மோந்தார். மூன்று மணித்தியாலம் போறணைக்கு முன்னாலேயே ஸ்ரூல் போட்டு இருந்தார். கடைக்கு வந்த ஆட்களைக் கூடக் கவனிக்கவில்லை.

ஆவணி மாதம், வியாழக்கிழமை, கலியாணம். பதிவு எழுத்தும் தாலியும் ஒன்றாகவே முடிந்தன. பந்தலில் மேசை போட்டு வெள்ளை விரித்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் யாழ்ப்பாணத்திலிருந்து வான் வண்டியில் கொண்டுவந்த மூன்று தட்டுக் கேக் நடுவில் நின்றது. வெள்ளை ஐசிங், இளஞ்சிவப்பு ரோசாப்பூ, மேலே இரண்டு பிளாஸ்ரிக் அன்னம். பக்கத்தில் அங்கம்மாவின் கேக். கறுத்த மண்ணிறம், பூவில்லை, அன்னமில்லை. மழைக்குக் கரையாத வரம்பு மாதிரிச் சும்மா இருந்தது.

படத்துக்காக வெள்ளைக் கேக்கை வெட்டினார்கள். ஜெகதீஸ்வரி அம்மாவின் முகத்தில் பெருமை. ஆனால் ஆவணி வெயில் ஒருவருக்கும் தயவு பார்ப்பதில்லை. ஐசிங் வேர்த்து, ஒரு அன்னம் மெதுவாகத் தலை குப்புறப் போனது. படக்காரர் அதை இரண்டு தரம் நிமிர்த்தி வைத்துப் பார்த்துவிட்டுக் கைவிட்டார்.

பிறகு அங்கம்மாவின் கேக் துண்டுகள் தட்டில் வந்தன. தீப்பெட்டி அளவில் இல்லை, உள்ளங்கை அளவு. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பார்க்காமல் வரிசையாக வந்தன. கதைத்துக்கொண்டிருந்த பந்தல் கதைப்பதை நிறுத்தியது. லண்டனிலிருந்து வந்த ஒரு மனிதர் இரண்டாவது துண்டைச் சேட்டுப் பையில் வைப்பதை நான் கண்டேன். அவர் நான் கண்டதைக் கண்டார். இரண்டு பேரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம். மஹ்றூப் காக்காவின் சின்ன மகள் தாளையும் நக்கினாள்.

ஜெகதீஸ்வரி அம்மா ஒரு துண்டு எடுத்தார். கடித்தார். மென்றார். வினாத்தாள் திருத்துகிற முகம். அங்கம்மா மேசைக்குப் பின்னால் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி நின்றாள். தனுஷா தலைகுனிந்து நின்றாள். அது மணப்பெண்ணின் வெட்கம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

அப்போதுதான் முன்வரிசைக் கதிரையிலிருந்து சிவலட்சுமி அம்மாவின் குரல் கேட்டது. அவர் இரண்டு துண்டு முடித்திருந்தார், நான் எண்ணினேன்.

"பரவாயில்லை, நல்லாத்தான் வந்திருக்கு," என்றார் எல்லோருக்கும் கேட்க. "ஆனா ஒரு முக்கியமான சாமான் விடுபட்டுப் போச்சு. அது இல்லாமல் றிச் கேக் எண்டு சொல்ல ஏலாது. பாவம், அங்கம்மாவுக்கு எப்பிடித் தெரியும்."

ஜெகதீஸ்வரி அம்மாவின் கை கீழே இறங்கியது. பாதித் துண்டு கையில் நின்றது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தனுஷாவின் கழுத்து இன்னும் குனிந்தது.

அங்கம்மா சேலைத் தலைப்பை விட்டாள். மேசையைச் சுற்றி முன்னால் வந்தாள்.

"என்ன சாமாங்கம்மா?" என்றாள். மிகவும் பணிவாகத்தான் கேட்டாள். "சொல்லுங்க. எனக்குத் தெரியாமத்தான் விட்டுட்டேன். அடுத்த தடவை போட்டுருவேன்."

சிவலட்சுமி அம்மா கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார்.

"அது... ஏலக்காய்."

"ஏலக்கா போட்டிருக்கேங்கம்மா."

"கறுவா."

"அதுவும் இருக்குங்க. கராம்பும் இருக்கு, சாதிக்காயும் இருக்கு."

ஜெகதீஸ்வரி அம்மா ஆசிரியை அல்லவா. விடை பாதியில் நின்றால் அவருக்குப் பொறுக்காது. "என்ன சாமான் எண்டு சொல்லுங்கோவன் அக்கா. இஞ்ச இருக்கிற எல்லாருக்கும் பிரயோசனமா இருக்கும்."

மாதர் சங்கம் முழுவதும் இரண்டாம் வரிசையில் இருந்தது. சிவலட்சுமி அம்மா என்னைப் பார்த்தார். நான் பந்தல் கூரையைப் பார்த்தேன். என் நம்பிக்கையான ஆட்கள் இரண்டு பேரும் கூரையைத்தான் பார்த்தார்கள். அவர்களின் நம்பிக்கையான ஆட்களும் போலிருக்கிறது, ஏனென்றால் அந்த நேரத்தில் பாதிப் பந்தல் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போது மாயாண்டி இருமினான்.

ஒரு தரம் இருமினான். பிறகு நன்றாக நெஞ்சிலிருந்து இரண்டு தரம் இருமினான்.

"அண்ணைக்கு மருந்து ஏதும் வேணுமோ?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்க, எங்கள் பக்கத்துப் பெண்கள் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்தார்கள்.

சிவலட்சுமி அம்மாவின் முகம் தட்டுக் கேக்கின் ரோசாப்பூ நிறத்துக்கு வந்தது. "எனக்குத்தான் நாக்கில பிழை," என்றார். "வயசு போகுது. ஒண்டும் குறையேல்லை."

ஜெகதீஸ்வரி அம்மா அவரையும் மாயாண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். விளங்கியதா என்று எனக்குத் தெரியாது. விளங்காத முகமாக அது இருக்கவில்லை. கையிலிருந்த பாதித் துண்டை வாயில் போட்டு, ஆறுதலாக மென்று விழுங்கினார்.

"ஒண்டும் குறையேல்லை," என்றார், தன் ஆட்கள் இருந்த பக்கம் திரும்பி, பின்வரிசைக்கும் கேட்கிற பள்ளிக்கூடக் குரலில். "என்ர மருமகளின்ர தாய் செய்தது. இன்னும் ஆருக்கு வேணும், கையை உயர்த்துங்கோ."

லண்டன்காரர்தான் முதலில் உயர்த்தினார். தனுஷா நிமிர்ந்து பார்த்தாள். படக்காரர் அந்த நேரம் பார்த்து ஒரு படம் எடுத்தார். அவர் அன்றைக்கு எடுத்ததில் அதுதான் நல்ல படம் என்று பிறகு சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மாலையில் மாப்பிள்ளை வீட்டார் வெளிக்கிட்டபோது, மூன்று தட்டுக் கேக்கில் இரண்டு தட்டு அப்படியே திரும்ப வானுக்குள் ஏறியது. அங்கம்மாவின் நான்காவது தட்டை ஜெகதீஸ்வரி அம்மா தன் மடியில் வைத்துக்கொண்டு போனார். வேறு ஒருவரிடமும் கொடுக்கவில்லை.

அடுத்த நாளே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பொதுக் கிணற்றடியில் வைத்து ஒவ்வொருவராக, ஒன்றும் தெரியாதவர்கள் போல, அந்தக் கேக் எப்படி என்று கேட்டார்கள். அங்கம்மா யாரையும் முற்றம் கூட்ட அனுப்பவில்லை. வாளியால் தண்ணீர் அள்ளிக்கொண்டே, அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்கிற மாதிரி, அளவை ஒன்றுவிடாமல் சொன்னாள். சிவலட்சுமி அம்மாவின் வேலி கிணற்றடியிலிருந்து பத்து அடிதான். வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ நின்று கேட்டார்களா என்று எனக்குத் தெரியாது. கிடுகு அசைந்தது மட்டும் தெரியும்.

கலியாணம் முடிந்து நாலாம் நாள், நாலாம் சடங்குக்கு மணமக்களோடு ஜெகதீஸ்வரி அம்மாவும் வந்தார். வீட்டுக்குள் போய்க் கதிரையில் இருக்கவில்லை. நேரே கிணற்றடிக்கு வந்து, துவைகல்லைத் துடைத்துவிட்டு அதில் இருந்தார். கைப்பையிலிருந்து ஒற்றைறூள் கொப்பி ஒன்றை எடுத்து மடியில் விரித்தார்.

"முட்டை இருவத்தஞ்சுங்க," என்று அங்கம்மா தொடங்கினாள். "மஞ்சள் இருவத்தஞ்சும், வெள்ளை பத்தும். பட்டரு ஒரு றாத்தல், சீனி..."

"கொஞ்சம் பொறுங்கோ, சம்மந்தி," என்றார் ஜெகதீஸ்வரி அம்மா, பேனையை உதறியபடி. "மெதுவாச் சொல்லுங்கோ. எழுதுறன்."